முனாப் அடைத்த வேலி

என் கோபத்தைப் பற்றித் திருகோணமலையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பாதி பொய். மீதியில் கதிரைக் கதை மட்டும் சத்தியமான உண்மை. 1940ஆம் ஆண்டு சதுரங்கக் கிண்ணத்தின் கடைசி ஆட்டத்தில் முனாப்பிடம் தோற்றபோது, நான் இருந்த கதிரையைத் தூக்கி நிலத்தில் அடித்தேன். அதன் கால் ஒன்று முறிந்து பறந்துபோய் யாரோ ஒருவருடைய தேத்தண்ணிக் கோப்பையை உடைத்தது. அன்றிலிருந்து எங்கள் தொழிலாளர் கழகக் கொட்டிலில் எனக்குக் கதிரை தருவதில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கினால்தான் அசையும் பாலை மர வாங்கு ஒன்றைத்தான் போடுவார்கள். செயலாளர் கனகசுந்தரம் அதைத் தீர்மானமாகவே எழுதி வைத்திருக்கிறார். அந்த மனுசனுக்கு எதையும் தீர்மானமாக எழுதாவிட்டால் தூக்கம் வராது.

நான் சோமசேகரம். துறைமுகத்துக் கிட்டங்கி ஒன்றில் கிளாக்கர் வேலை. முனாப் கிண்ணியாக்காரன். அதே கிட்டங்கியில் சாமான் எடுத்துக் கொடுப்பவன். ஆணியிலிருந்து நங்கூரச் சங்கிலி வரை எட்டு வரிசைத் தட்டுகளில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். நான் மேசையிலிருந்து, "மூண்டாம் வரிசை, ஐஞ்சாம் பெட்டி!" என்று கத்துவேன். அவன் விளக்கில்லாமல் உள்ளே போய், கேட்ட சாமானோடு வருவான். ஒரு நாளாவது மாறி எடுத்து வந்ததில்லை. அந்தப் பழக்கத்தில் சதுரங்கப் பலகையின் கட்டங்களையும் நாங்கள் வரிசை, பெட்டி என்றே சொல்லிக்கொண்டோம். பலகையும் எட்டு வரிசைதானே.

எங்களிடம் இரண்டு விதமான ஆட்டம் இருந்தது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு சாக்குகளுக்கு நடுவில் இருந்து ஆடுவது நாட்டு ஆட்டம். அதில் காலாள் எப்போதும் ஒவ்வோர் அடிதான் வைப்பான். ராசா கோட்டை கட்டுவதில்லை. அதற்குப் பதிலாக ஆட்டத்தில் ஒரேயொரு தரம், செக் விழுந்த பிறகும் கூட, குதிரையைப் போலப் பாய்ந்து தப்பலாம். கிண்ணத்துக்கு ஆடுவது வெள்ளைக்காரன் விதி. காலாள் முதல் தரம் இரண்டடி வைக்கலாம், ராசா கோட்டை கட்டலாம், ஆனால் பாய்ச்சல் கிடையாது. எங்களுக்கு இரண்டும் தண்ணீர் பட்ட பாடு. காலையில் ஒன்று ஆடி மாலையில் மற்றதை ஆடினாலும் குழம்ப மாட்டோம் என்று நான் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

முப்பத்தொன்பதில் கிண்ணம் எனக்கு. நாற்பதில் அவனுக்கு. நாற்பத்தொன்றில் திரும்பவும் எனக்கு. நாற்பத்திரண்டின் கடைசி ஆட்டத்தை ஏப்ரல் பதினோராந் திகதி சனிக்கிழமைக்கு வைத்திருந்தார்கள். ஒன்பதாந் திகதி காலை ஜப்பான்காரனின் விமானங்கள் வந்தன.

அன்றைக்குச் சம்பலுக்கு உப்புக் கூடிவிட்டதென்று என் மனைவி கோணேஸ்வரியோடு சண்டை பிடித்ததில் எனக்கு நேரம் பிந்திவிட்டது. அந்தச் சண்டைதான் என் கண்ணைக் காப்பாற்றியது என்று அவள் இன்றைக்கும் சொல்வாள். முனாப் வழக்கம்போல நேரத்துக்கே போய் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்திருக்கிறான். குண்டு விழுந்தால் சிதறாமலிருக்கக் கண்ணாடிகளில் கடதாசி ஒட்டித்தான் இருந்தது. அது போதவில்லை. குண்டு விழுந்த அதிர்ச்சியில் கண்ணாடி முழுவதும் அவன் முகத்தில்தான் பாய்ந்தது. உயிர் மிஞ்சியது, இரண்டு கண்ணும் போய்விட்டன.

ஊர் பாதி காலியாகி, பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. டிசம்பர் மாதம் கனகசுந்தரம் ஒரு தீர்மானத்தோடு என்னிடம் வந்தார். ஆடாமல் போன ஆட்டத்தின் கிண்ணத்தை முனாப்புக்கே கொடுத்துவிடுவோம், ஒரு கூட்டம் வைத்து மாலை போட்டுப் படமும் பிடிப்போம் என்றார். சரி என்றேன். இருவருமாகக் கிண்ணியாவுக்குத் தோணி ஏறினோம்.

முனாப் முற்றத்தில் பாயில் இருந்தான். பக்கத்தில் அவன் மனைவி ஜெமீலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பன்பாய் பின்னிக்கொண்டிருந்தாள். கனகசுந்தரம் தீர்மானத்தை வாசித்து முடித்தார்.

முனாப் அமைதியாகக் கேட்டான். "நான் வெண்டன் எண்டு சொல்றீங்க. அப்ப ஆரு தோத்த?"

"ஒருத்தரும் தோக்கேல்லத் தம்பி. அது வந்து..."

"ஒருத்தரும் தோக்காம நான் எப்பிடி வெண்ட?"

கனகசுந்தரம் தீர்மானத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் செருகினார். அவர் தண்ணீர் குடிக்கிற சாட்டில் எழும்பிப் போனார். முனாப் கையை நீட்டித் தேடி என் முழங்காலைப் பிடித்தான்.

"மச்சான், எட்டு மாசமா என்னோட ஒருத்தனும் சண்டை பிடிக்கல்ல. நான் என்ன சொன்னாலும் ஓம் எண்டுறான். மழை பெய்யக்குள்ள வெயில் எண்டு சொன்னாலும் ஓம் எண்டுவான். சோத்தைக் குழைச்சு வாயில வெக்கப் பாக்குறானுகள். எனக்கு மிச்சம் இருக்கிறது பலகை ஒண்டுதான். அதிலயும் எனக்கு இரக்கப்பட்டா நான் எங்க போற?"

"கண்ணில்லாமல் எப்படி ஆடுவாய்?" என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவனே சொன்னான்.

"ஜெமீலாவோட ஆடுறன். அவ பாய் பின்னிக்கிட்டே வரிசையும் பெட்டியும் சொல்லுவா. போன கிழமை ரெண்டு தரம் என்னை வெண்டுட்டா."

ஜெமீலா தலை நிமிராமலே சொன்னாள். "மூணு தரம்."

கனகசுந்தரம் திரும்பி வந்ததும் முனாப் நிமிர்ந்து இருந்தான். "ஆடுவன். வெள்ளைக்காரன் விதியில, எல்லாருக்கும் முன்னால ஆடுவன். சோமு ஒரு காலாளையாவது எனக்கு விட்டுத் தந்தான் எண்டு தெரிஞ்சா, அதோட நான் பலகைக்குக் கிட்டயும் வரமாட்டன். அல்லாஹ் மேல சத்தியம்."

அவன் சத்தியம் பண்ணினால் பண்ணினதுதான். திரும்பி வருகிற வழி முழுக்கக் கனகசுந்தரம், "மெல்லமா, தெரியாத மாதிரி விட்டுக்குடுத்தால் என்ன?" என்று என் காதைக் கடித்துக்கொண்டு வந்தார். "வாயை மூடிக்கொண்டு வாரும்," என்றேன். அவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். பரவாயில்லை, அன்றைக்கு அப்படித்தான் வந்தது.

வீட்டுக்குப் போனால் அங்கே வேறொரு சத்தியம் காத்திருந்தது. கோணேஸ்வரி என்னைக் காளி கோவில் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கற்பூரத்தைக் கொளுத்தினாள்.

"இஞ்சருங்கோ, அந்த மனுசன் கண்ணில்லாமல் வந்து ஆடப்போகுது. நீங்கள் அங்க போய்ப் பேயாட்டம் ஆடினால் நான் இந்த ஊரில தலை காட்ட ஏலாது. வெண்டாலும் தோத்தாலும் வாய் திறக்க மாட்டன் எண்டு அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன். கை சுட்டது.

ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. பின்னேரம் மூன்று மணிக்குக் கொட்டில் நிரம்பிவிட்டது. மனுசர் வாசலுக்கு வெளியிலும் நின்றார்கள். முனாப் ஜெமீலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினான். அவள் அவனைக் கதிரையில் இருத்திவிட்டு வெளியே போய், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் வேம்பின் கீழே இருந்தாள். சுவரில் இடைவெளி இருந்தபடியால் உள்ளே சொல்கிற ஒவ்வொரு நகர்வும் அவளுக்குக் கேட்கும். எனக்கு வழக்கம்போல வாங்கு. முனாப் பலகையைத் தொடவே இல்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டான். அவன் சொல்வதைக் கனகசுந்தரம் நகர்த்துவது என்றும், என் நகர்வை நானே உரக்கச் சொல்வது என்றும் ஏற்பாடு. நாணயம் சுண்டியதில் வெள்ளைக் காய் அவனுக்கு விழுந்தது.

அவனுடைய பழைய ஆட்டத்தை நான் சொல்ல வேண்டும். முனாப் வாசலைத் திறந்துவிட்டுச் சண்டைக்கு வருகிறவன். நடுவில் நிற்கிற காலாள்களை முதல் ஐந்து நகர்வுக்குள் வெட்டித் துடைத்துவிடுவான். பிறகு குதிரையும் மந்திரியும் ராணியும் ஒரே நேரத்தில் மேலே வந்து விழும். எது எங்கிருந்து வருகிறதென்று பார்த்து முடிவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். அதற்குத் தயாராகத்தான் நான் மூன்று கிழமை மண்டையை உடைத்திருந்தேன்.

"ராசாவின்ட காலாள் ரெண்டடி," என்றான். பழைய முனாப்தான். நான் என் ராசாவின் காலாளை ஓரடி வைத்தேன். அவன் ராணியின் காலாளை இரண்டடி வைத்தான். நானும் என் ராணியின் காலாளை இரண்டடி வைத்து அவனுடைய காலாளுக்கு முகம் கொடுத்தேன். இந்த இடத்தில் அவன் வெட்டுவான். நாலு வருசமாக வெட்டியிருக்கிறான். நான் பதில் வெட்டுக்குக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"ராசாவின்ட காலாள், அஞ்சாம் வரிசை."

வெட்டவில்லை! பக்கத்தால் தள்ளிவிட்டுப் போய்விட்டான். நடுவில் இரண்டு வெள்ளைக் காலாள், இரண்டு கறுப்புக் காலாள், மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. ஒன்றுக்கும் அசைய வழியில்லை.

நான் பக்கத்துக் காலாளைக் கொண்டுபோய் அந்தப் பூட்டை இடித்தேன். அவன் இன்னொரு காலாளை ஓரடி வைத்து அதற்கு முட்டுக் கொடுத்தான். நான் மறுபக்கத்தால் வந்தேன். அவன் அங்கும் ஓரடி வைத்து அடைத்தான். இவனுக்கு என்ன நடந்தது? பத்தாவது நகர்வாகியும் ஒரு சண்டையில்லை. அவன் பாட்டுக்குக் கதியால் நட்டு வேலி அடைக்கிற மாதிரிக் காலாளை ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தான். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. சத்தியத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். பொறுக்க முடியாமல் மூன்றாம் பெட்டிப் பக்கத்தில் காலாளுக்குக் காலாள் வெட்டி ஒரு வழி திறந்தேன். முழு வேலியிலும் அந்த ஒரு படலைதான் திறந்திருந்தது. திறந்தவன் நான்தான், அதை மறைக்க மாட்டேன்.

பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ நகர்வில்தான் எனக்கு மண்டையில் உறைத்தது. அசையாத காய்களை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை! ஒரு தரம் பூட்டிவிட்டால் அது அங்கேயே நிற்கும். கிட்டங்கியில் பாரச் சாமானை அடித்தட்டில் அடுக்கிவிட்டு அதைப் பற்றி யோசிக்காமல் இருப்போமே, அதேதான். பலகையில் பாதியை அவன் கல்லாக்கிவிட்டான். மீதிப் பாதியைத் தலைக்குள் கொண்டு திரிவது அவனுக்குப் பெரிய வேலையா? அதற்கும் மேலே, தன் ராணியைத் தந்து என் கோட்டையையும் குதிரையையும் வாங்கினான். சுற்றி நின்றவர்கள் "ஐயோ" என்றார்கள், பாவம் மறந்துவிட்டான் என்று நினைத்து. மறக்கிறவனா அவன்? எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாத காய்களைப் பலகையிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தான். நாலு வருசம் ஆடிய ஆட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒன்பது மாசத்தில் முற்றத்துப் பாயில் இருந்து புதிதாக ஒரு தொடக்கத்தை அவனே செய்திருக்கிறான். எனக்கு உடம்பு புல்லரித்தது. பொறாமையும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நடுவில் சீனன்குடா விமானத்தளப் பக்கமிருந்து ஒரு விமானம் எழும்பிக் கொட்டிலுக்கு மேலால் போனது. எங்கள் விமானம்தான். ஆனாலும் அத்தனை பேரும் தலையைக் குனிந்தோம், ஒருவர் வாசலைத் தாண்டி ஓடியே விட்டார். முனாப்பின் இரண்டு கையும் கதிரைச் சட்டத்தை இறுக்கிப் பிடித்தன. விரல் மொளிகள் வெளுத்துவிட்டன. கழுத்தில் வியர்வை ஓடியது. சத்தம் தேயும் வரை அப்படியே இருந்தான். பிறகு, "ஏழாம் பெட்டிக் காலாள், ஆறாம் வரிசை," என்றான். குரல் ஒரு துளியும் நடுங்கவில்லை. அந்த மனுசனுக்கு நான் அந்த இடத்திலேயே எழும்பிக் கும்பிட்டிருப்பேன். ஆனால் அந்தக் காலாள் வந்து நின்ற இடம் எனக்குப் பிடிக்கவில்லை. கோட்டை கட்டி ஒதுங்கியிருந்த என் ராசாவின் வாசலுக்கு நேரே ஆணி அடித்தது போல நின்றது. முன்னால் என் காலாளே வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் வைத்தால் அவன் ஆணி குத்தும். ராசாவுக்கு இருந்ததெல்லாம் கடைசி வரிசை மட்டும்தான். அதை என் ராணி மூலையில் நின்று காவல் காத்தாள்.

இப்போது பலகையில் காலாள்களை விட்டால் என்னிடம் ராசாவும் ராணியும். அவனிடம் ராசா, ஒரு கோட்டை, ஒரு மந்திரி. கோட்டை நான் திறந்த படலையில் நின்றது. மந்திரி முதலாம் பெட்டியில், இரண்டாம் வரிசையில், காவலில்லாமல் தனியே நின்றது. என் ராணிக்கு அதுவரை நேர்வழி. வெட்டினால் அவனிடம் கோட்டை ஒன்றுதான் மிஞ்சும், ஆட்டம் என் கையில்.

யோசித்தேன். ஒன்றுக்கு இரண்டு தரம் யோசித்தேன். ராணி காவலை விட்டுப் போனால் அவன் கோட்டையைக் கடைசி வரிசைக்கு ஏற்றிச் செக் சொல்வான். சொல்லட்டும். ராசா குதிரையாக ஏழாம் வரிசை, ஐந்தாம் பெட்டிக்குப் பாய்ந்துவிடுவார். அங்கே அவரைத் தொட ஒரு காயும் இல்லை. பிறகு பார்ப்போம் முனாப்!

ஓம், அப்படித்தான் யோசித்தேன். இரண்டு மணித்தியாலமாகக் காலாள் ஓரடி, காலாள் ஓரடி என்று அவன் அடைத்துக்கொண்டே போனதில், என் மண்டை மெல்ல மெல்ல மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஆடுகிற நாட்டு ஆட்டத்துக்குள் இறங்கிவிட்டது. சாக்கு மணம் கூட வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

"ராணி, ரெண்டாம் வரிசை, முதலாம் பெட்டி! மந்திரியை வெட்டினன்!" என்றேன்.

முனாப் தலையை ஒரு பக்கம் சாய்த்தான். "எங்க?"

"ரெண்டாம் வரிசை, முதலாம் பெட்டி."

"ராணியா?"

"ராணிதான். காது கேக்கேல்லையோ?"

அவன் உதட்டுக்குள் வரிசையையும் பெட்டியையும் ஒரு தரம் எண்ணிப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான். "கோட்டை, எட்டாம் வரிசை, மூணாம் பெட்டி. செக்."

நான் சிரித்துக்கொண்டே ராசாவைத் தூக்கினேன். ஏழாம் வரிசை, ஐந்தாம் பெட்டிக்குக் கொண்டுபோய் வைக்கப் போனேன். கனகசுந்தரம் கண்ணை அகல விரித்து என் கையைப் பார்த்தார். அவர் பார்வையில்தான் எனக்கு உறைத்தது. இது கிண்ணம்! பாய்ச்சல் கிடையாது! போதாக்குறைக்கு, நாட்டு ஆட்டத்தில் இல்லாத கோட்டையையும் முதலிலேயே கட்டியிருக்கிறேன்!

ராசா கையிலே இருந்தது. வைக்க இடமில்லை. கற்பூரத்தை நினைத்தேன். கோணேஸ்வரியை நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, ராசாவைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, பூனை மாதிரிச் சொன்னேன். "முடிஞ்சுது முனாப். நீ வெண்டிட்டாய்."

கொட்டில் அதிர்ந்தது. கைதட்டு, விசில், யாரோ ஒருவர் அழக்கூடச் செய்தார். கனகசுந்தரம் அலுமாரியைத் திறந்து கிண்ணத்தை எடுத்துத் தோள் சால்வையால் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

முனாப் மட்டும் அசையவில்லை. அவன் முகம் கறுத்துக்கொண்டே போனது. கையை உயர்த்திச் சத்தத்தை நிறுத்தினான்.

"சோமு, ஒன்ட சத்தம் வரல்லையே."

"என்ன சத்தம்?"

"நீ தோத்தா ஊருக்கே கேக்கும். மூலைக்குள்ள நிக்கிற ராணியை எடுத்துக் கொண்டுபோய்க் கடைசி வரிசையைத் துறந்து விட்டாய். சின்னப் புள்ள செய்யாத வேலை. பிறகு மெல்லமா 'நீ வெண்டிட்டாய்' எண்டுறாய்." அவன் எழும்பினான். "செய்ய வாணாம் எண்டுதானே மச்சான் சொன்னன். ஒனக்கிட்டத்தானே சொன்னன்."

"இல்லையடா! நாட்டு விதி எண்டு நினைச்சுப்போட்டன். ராசாவைக் கையில தூக்கினனான், எல்லாரும் பாத்தவை!"

"நான் பாக்கல்லையே," என்றான் முனாப்.

சுற்றி நின்றவர்கள், "ஓம் ஓம், நாங்கள் பார்த்தோம்," என்றார்கள். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. ஒன்பது மாசமாக அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஓம் போட்ட வாய்கள்தானே அவை! எப்படி நம்புவான்? அவன் கையால் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினான். "ஜெமீலா, வா, போவம். இது முடிஞ்சுது."

எது முடிந்தது என்று எனக்குத் தெரியும். அவன் சத்தியம் பண்ணினால் பண்ணினதுதான். வாசலை எட்டிவிட்டான். அப்போது கனகசுந்தரம் என் முதுகைத் தட்டிக்கொடுத்து, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார். "பரவாயில்லை சோமசேகரம். உமக்குப் பெரிய மனசு. நல்ல காரியம் செய்தீர்."

நல்ல காரியமா?

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. காளிக்கு விளங்கும். அவளும் கோபக்காரிதான்.

"பெரிய மனசோ! ஆருக்கு? எனக்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் கூரைக் கிடுகிலிருந்து தூசு கொட்டியது. "ஒன்பது மாசமா உந்தக் கிண்ணத்தை அலுமாரிக் கண்ணாடியால பாத்துக்கொண்டு திரியிறவன் நான்! இவனுக்கு நான் விட்டுக்குடுக்கிறதோ? என்ர மந்திரியைக் கூட நான் சும்மா குடுக்க மாட்டன், ஆட்டத்தைக் குடுப்பனோ! டேய் முனாப்! நில்லடா! உந்தக் கோதாரி விழுந்த வேலி! உனக்கு ஆர் சொன்னது வேலி அடைக்கச் சொல்லி? முந்தி மனுசன் மாதிரி வாசலைத் துறந்துபோட்டு வந்து அடிபட்டனி. இண்டைக்கு ஆமை மாதிரி ஓரடி, ஓரடி எண்டு அரக்கி அரக்கி, என்னை நாட்டு ஆட்டத்துக்குள்ள இழுத்து விழுத்திப்போட்டாய், கள்ளன்! ரெண்டு நகர்வு! இன்னும் ரெண்டே நகர்வில உன்ர ராசாவுக்குப் பாடை கட்டியிருப்பன்! கண் போனால் என்னடா, உன்ர மண்டை முழுக்கக் கள்ளம்!"

'கண் போனால்' என்றதும் கொட்டிலில் எல்லாருக்கும் மூச்சு நின்றுவிட்டது. ஒன்பது மாசமாக அவன் முன்னால் யாரும் சொல்லாத சொல். நான் நிற்கவில்லை, நிற்கத் தெரிந்தால்தானே! ராசாவை எடுத்துச் சுவரில் எறிந்தேன். அது போதவில்லை. வாங்கைத் தூக்கப் பார்த்தேன், பாலை மரம், அசையவில்லை. முனாப் எழும்பிப் போன கதிரை முன்னால் நின்றது. அதைத் தூக்கினேன், தலைக்கு மேலே கொண்டுபோய் நிலத்தில் ஒரே போடு.

முனாப் வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறான் என்று நினைத்தேன். அப்போது வெளியிலிருந்து, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, ஜெமீலாவின் குரல் வந்தது.

"இஞ்ச பாருங்க, இது பொய்ச் சத்தமில்ல. உள்ளுக்குப் போங்க."

முனாப் திரும்பினான். சிரித்துக்கொண்டிருந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடமுடியாமல், கன்னத்தால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தான். கையை நீட்டிக்கொண்டு என் மூச்சு வாங்குகிற சத்தத்தை வைத்தே நேராக என்னிடம் வந்தான்.

"என்ன ஒடைஞ்ச?"

"கதிரை," என்றேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. "உன்ர கதிரைதான். போய் நிலத்தில இரு."

"கால் போயிட்டா?"

நான் குனிந்து, முறிந்த காலை எடுத்து அவன் கையில் திணித்தேன். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். முறிவிலே சிலாகை சிலாகையாகக் கிழிந்து நின்ற இடத்தைப் பெருவிரலால் தடவினான். ஒரு தரம் அல்ல, இரண்டு மூன்று தரம், மெல்லமாக. பிறகு வாங்கைத் தேடிப் பிடித்து, எனக்குப் பக்கத்தில் இருந்தான். கதிரைக் காலை மடியில் வைத்துக்கொண்டான்.

"கனகசுந்தரம் ஐயா," என்றான். "இப்ப அந்தக் கிண்ணத்தைத் தாங்க."